போமட் பண்ணியதில் போன பாட்டு

எங்கள் கணினி வர வர ஆமையாகிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்கோ மூக்குநுனியில் கோபம். மேசையில் ஓங்கித் தட்டுவேன்.

"மேசையை உடைச்சு வேலையில்லை. எல்லாத்தையும் அழிச்சு போமட் பண்ணிப் புதுசா சிஸ்டம் போட்டா குதிரை மாதிரி ஓடும்" என்றார் என் கணவர். துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் படகில் அவருக்கு வேலை. கணினி வைத்தியம் யூடியூப்பில் படித்தது.

அந்தக் கணினியில்தான் என் பாட்டு இருந்தது. மாதா திருவிழாவுக்கு நானே எழுதி மெட்டுப் போட்ட முதல் பாட்டு. இத்தனை வருடமும் மற்றவர்களின் பாட்டுகளைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான். கோயில் பாடகர் குழு, "இந்த முறை உங்கட பாட்டையே பாடுவம்" என்றபோது எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அன்று பின்னேரம் எல்லோரும் பாடிப் பார்க்க வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

"என்ர பாட்டைப் பத்திரமா எடுத்து வச்சனீங்களோ?"

"ஓம், ஓம். எல்லாம் பென்டிரைவில கிடக்கு. நீர் போய் வேலையைப் பாரும்."

சும்மா சொல்லக்கூடாது, புதுச் சிஸ்டம் பறந்தது. ஆசையோடு பாட்டைத் திறந்தேன். ஐயோ! திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கண்டம் தெரியும். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் தமிழ் தமிழாகத் தெரியாது. மனிதர் கோப்புகளையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு எழுத்துருவை மறந்துவிட்டார். இறக்கலாம் என்றால் புதுச் சிஸ்டத்தில் இணையம் பிடிபடவில்லை.

"வாற சனத்துக்கு நான் இப்ப என்னத்தைக் காட்டுறது? உங்கட தலையையோ?" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் பாடகர் குழுவினர் வந்து கதிரைகளில் இருந்துவிட்டார்கள்.

பல்லவியைப் பாடிக் காட்டினேன். சரணம் வரவில்லை. திருத்தித் திருத்தி எழுதியதில், கடைசியாக எதை வைத்தேன் என்றே குழம்பிவிட்டது. "ஏலாது, மறந்துபோச்சு. பழைய பாட்டையே பாடுங்கோ" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது மேசைக்கு அடியில் இணைய வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவர் பாடத் தொடங்கினார். சுருதி, தாளம் ஒன்றும் கிடையாது. ஆனால் சரணம் ஓரிடத்திலும் தடங்காமல் வந்தது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீர் நாள் முழுக்கக் குசினியில சமைச்சுக்கொண்டு பாடினா? எனக்குக் காது இல்லையோ?" என்றார் உள்ளேயிருந்து.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரை வெளியே இழுத்து இருத்தி, மறுபடி மறுபடி பாடவைத்துப் பாடமாக்கினார்கள்.

அடுத்த நாள் இணையம் பிடிபட்டது. எழுத்துருவும் வந்து, பாட்டு தமிழுக்குத் திரும்பியது. அவர் பாடியதோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு வரி மட்டும் வேறு. "கடலில் போவாரைக் காத்திடு தாயே" என்று அவரை நினைத்து நான் எழுதியிருந்தேன். அவர் பாடியது, "கரையில் இருப்பாரைக் காத்திடு தாயே."

"மாத்திப் பாடினனீங்கள், தெரியுமோ?"

"அப்பிடியோ? எனக்கு அப்பிடித்தான் வந்தது" என்றவர், சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு படகு வேலைக்குப் புறப்பட்டார்.

என் வரியை அழித்துவிட்டு அவருடையதைத் தட்டினேன். திருவிழாவில் கோயில் முழுக்க அதைத்தான் பாடியது. அந்த வரி வந்தபோது நான் மட்டும் என் பழைய வரியையே பாடினேன்.