ஆயிஷாவும் ரெண்டு அங்கிளும்

போன வாரம் என் தலையில் ஒரு பிளாஸ்டிக் குடம் இறங்கியது. இறக்கியவர் எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி பாண்டியராஜன். அதைப் பார்த்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன்...

அவனியாபுரத்தில் இருக்கிறோம். பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி. இந்தத் தடவை எல்லாமே மூன்று மூன்று பேராகத்தான் மேடை ஏற வேண்டும் என்று செக்ரட்டரி முடிவெடுத்துவிட்டார். லேத் பட்டறை வைத்திருப்பவர். எதிலும் அளவு பிசகக் கூடாது அவருக்கு.

"அண்ணே, நீங்கதான் பத்திரிகையில எழுதுறீங்கள்ல? ட்ரியோன்னா என்னான்னு பிள்ளைகளுக்கு வெளங்குற மாதிரி சொல்லிருங்க."

மொட்டைமாடியில் ஏழு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். "நாகஸ்வரக் கச்சேரி பார்த்திருக்கீங்கள்ல? ஒருத்தர் ஊதுவார், ஒருத்தர் தவில் அடிப்பார், ஒருத்தர் தாளம் போடுவார். மூணு பேருக்கும் வேற வேற வேலை. ஆனா நம்ம காதுல விழுறது ஒரே பாட்டு. அதுதான் ட்ரியோ" என்றேன்.

"காமெடியிலயும் மூணு பேர் வருவாங்கள்ல அங்கிள்?"

"ஆமா. ஒருத்தன் புத்திசாலி, ஒருத்தன் அசடு. மூணாவது ஆள் அந்த ரெண்டு பேர்கிட்டயும் அடி வாங்குவான்."

இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாது. அடி வாங்குகிற ஆளாகத்தான் இருப்பேன் என்று ஏழு பேரும் அடம்பிடித்தார்கள். அந்த ரகளையில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்றே தெரியவில்லை... கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு குழு தயார்.

மிச்சம் நின்றது ஆயிஷா. கீழ்வீட்டுப் பெண். இரண்டாம் வகுப்பு. அழவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் அம்மா பர்வீன் என் வீட்டு வாசலில் நின்றார்.

"என்னாண்ணே சொல்லிக் குடுத்தீங்க? ராத்திரியிலருந்து சாப்பிட மாட்டேங்குறா. அவ அத்தாவும் கெஞ்சிப் பார்த்துட்டாரு. 'ஏழை மூணால வகுத்தா மீதி ஒண்ணு, நாந்தான் அந்த மீதி'ங்குறா."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு குழந்தை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடிய வார்த்தையா அது?

செக்ரட்டரியிடம் ஓடினேன். "மத்த ரெண்டு குழுவுல ஒண்ணுல சேர்த்துவிடுவோமே?"

"நாலு பேராயிருமேண்ணே! நோட்டீஸ்ல மூவர்னு போட்டாச்சு" என்றவர், நெற்றியைச் சொறிந்தார். "ஒண்ணு செய்வோம். ஏழை ஒம்பதாக்கிருவோம். நீங்களும் நானும் பாப்பா கூடச் சேர்ந்துக்கிருவோம்."

ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் இப்படித்தான் ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தையின் குழுவில் சேர்ந்தோம். பெயர் — ஆயிஷாவும் ரெண்டு அங்கிளும். தன் பெயரையும் போட வேண்டும் என்று செக்ரட்டரி கேட்டுப் பார்த்தார். தலைவி மசியவில்லை.

"செக்ரட்டரி அங்கிள் குடம் தட்டணும். பாடக் கூடாது. நான்தான் பாடுவேன். நீங்க ஜால்ரா."

இத்தனை வருஷமாகப் பத்தி எழுதியும் யாருக்கும் ஜால்ரா அடிக்காதவன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான்!

விழா அன்று கார் பார்க்கிங்கில் மேடை. எங்கள் முறை வந்தது. தானே கட்டிய லிஃப்ட் பாட்டைப் பாட ஆயிஷா வாயைத் திறந்தாள்.

"ஆ... ஆஆ... ஆஆஆ..."

பாடியது அவள் இல்லை. செக்ரட்டரி! ஒரு கையில் குடம், மறு கை காதில், கண்கள் மூடியிருக்க ஆலாபனை. எத்தனை காலத்து ஆசையோ... விட்டால் மேலூர் வரைக்கும் போய்த் திரும்புவார் போலிருந்தது.

ஆயிஷா என்னைப் பார்த்தாள். மறுபடியும் மிச்சமாகப் போகிறோம் என்ற பயம் அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. செக்ரட்டரியின் காதருகே ஜால்ராவைக் கொண்டுபோய் ஓங்கி ஒரு 'ஜிங்!'

பதறித் துள்ளினார். கையிலிருந்த குடம் நேராக என் தலையில் வந்து இறங்கியது.

சனம் எழுந்து நின்று கைதட்டி வெடித்துச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஆயிஷா. அந்தச் சிரிப்போடேயே எடுத்தாள் பாட்டை.

"லிஃப்ட்டு லிஃப்ட்டு மேல போ,
கரண்டு போனா கீழ வா..."

செக்ரட்டரி திருதிருவென்று விழித்தார். பிறகு மெல்லக் குடத்தைத் தட்டத் தொடங்கினார். நான் ஜால்ராவைச் சேர்த்தேன். கொஞ்ச நேரம்தான்... ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அது ஒரே பாட்டாகக் கேட்டது.

சிறந்த நகைச்சுவைக் குழு என்று பரிசு கொடுத்தார்கள். "நான் சீரியஸாத்தானேண்ணே பாடுனேன்?" என்று கேட்டுக்கொண்டே பரிசை வாங்கினார் செக்ரட்டரி.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. மூன்று பேர் சேர்ந்தால் மூன்று பேருமே தலைவர்கள்தான். மற்ற இருவரும் தனக்குப் பக்கவாத்தியம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் நம்பிக்கொண்டிருக்கிறோம். எந்த வீட்டில், எந்த ஆபீஸில் இது இல்லை?

நேற்று ஆயிஷா வந்தாள். வாயில் முறுக்கு. நன்றாகச் சாப்பிடுகிறாள்.

"அங்கிள், தனியாப் பாடுறதுக்கு என்ன பேரு?"

"சோலோ."

"அதுக்கு அங்கிளு வேணுமா?"

"வேணாம்மா."

"சரி... வருத்தப்படாதீங்க" என்று பாதி முறுக்கை உடைத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

வேலையை விட்டு அனுப்பும்போது முறுக்கு கொடுத்த முதலாளியை இப்போதுதான் பார்க்கிறேன்!