வேலியேற்றமும் கறுப்பு வேட்டியும்

1. குழாயில் வந்த நூல்

எண்பதுகளின் தொடக்கம். ஒரு மார்கழிக் காலையில், மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக் குழாயிலிருந்து கறுப்பு நூல் ஒன்று வந்தது. முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டு பீவாத்து இத்தா. குடத்துக்குள் கைவிட்டு எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி, இது உங்க சபரிமலைச் சாமிமாரோட முண்டு நூலல்லே?"

முண்டு என்றால் வேட்டி. கோபமாகக் கேட்கவில்லை. போன வருஷம் இதே மாதத்தில் சந்தில் மஞ்சக்காமாலை பரவி அவருடைய கணவர் இறந்திருந்தார். அதற்கப்புறம் அவர் எதையும் கோபமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் மனைவி ராசாத்திக்கு அப்போது ஏழாம் மாதம். கர்ப்பிணிக்கு மஞ்சக்காமாலை வந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் போன வருஷமே வீடுவீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது ராசாத்தி செம்பைக் கீழே வைத்தாள்.

"குடிச்சிட்டியா?"

"அரைச் செம்பு. தாகமா இருந்துச்சு."

அன்றிலிருந்து தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம். ஆனால் குடித்த அரைச் செம்பை என்ன செய்வது?

2. என் வேலை என்ன

நான் கம்பம் பக்கத்துக்காரன். ஆறாம் வகுப்பு பாதியில் வீட்டைவிட்டுக் கிளம்பியவன். ஏலத்தோட்டம், கோயம்புத்தூரில் ஓட்டல், எர்ணாகுளம் பிராட்வேயில் சுமை தூக்குவது, இடக்கொச்சியில் இறால் உரிக்கும் ஷெட் என்று எங்கேயும் ரெண்டு வருஷம் தாண்டியதில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் மட்டாஞ்சேரியில் ஒரு கான்டிராக்டரிடம் சாக்கடை வாரும் வேலையில் சேர்ந்தேன். சாக்கடையை அங்கே கான என்பார்கள். எனக்குக் கிடைத்த கான, ஒரு பொதுக்குளத்தில் ஆரம்பித்து எங்கள் சந்து வழியாக, கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் காயலுக்குப் போவது.

காயலைத் தொடும் இடத்தில் ஒரு மடைப்பலகை இருந்தது. தண்ணீர் இறங்கும் நேரம் பலகையைத் தூக்க வேண்டும், கான வடியும். வேலியேற்றம், அதாவது காயல் ஏறும் நேரம், பலகையை இறக்க வேண்டும், உப்புத் தண்ணீர் உள்ளே வராது. படிப்பில்லாதவன் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் நேரம் தப்பக் கூடாது. சந்துக்கான குடிதண்ணீர்க் குழாய் யாரோ எந்தக் காலத்திலோ அந்தக் கானவுக்குள்ளேயே போட்டது. தண்ணீர் வராத நேரத்தில் குழாய் வெறுமனே கிடக்கும். கான நிரம்பினால் இணைப்பு வழியாக அழுக்கு உள்ளே போகும்.

கொச்சியில் வருஷத்திலேயே பெரிய வேலியேற்றம் கார்த்திகை, மார்கழியில் வரும். சபரிமலைக் கூட்டம் வருவதும் அதே ரெண்டு மாதம்தான். இந்த ரெண்டையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. நானும் நூலைப் பார்க்கும்வரை யோசிக்கவில்லை.

3. பாவம் யார் கையில்

மலைக்குப் போய்த் திரும்பும் பஸ்கள் எங்கள் குளத்தங்கரை மைதானத்தில் நிற்கும். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா வண்டிகள். சாமிமார் குளித்துவிட்டுக் கடைவீதி பார்ப்பார்கள், சிப்ஸும் அல்வாவும் வாங்குவார்கள். மலையில் கட்டியிருந்த வேட்டியைக் குளத்தில் விட்டால் பாவம் அதோடு போகும் என்று ஒரு பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. வேட்டி குளத்தோடு நிற்கவில்லை. கானவில் இறங்கி, மடைப்பலகைக்கு அடியில் போய்ச் சுருண்டது. பலகை முழுக்க இறங்காது. ஒரு சாண் இடைவெளி இருந்தால் போதும், காயல் உள்ளே வந்துவிடும்.

மேஸ்திரி வர்கீஸ் சேட்டனிடம் போய் இன்னும் நாலு ஆள் வேண்டும் என்றேன்.

"ஆள் உண்டு. அந்தத் துணியை ஆரும் தொடமாட்டான். தொட்டா பாவம் அவன் தலையில வருமாம்."

"நீங்க சர்ச்சுக்குப் போறவராச்சே சேட்டா. நீங்க தொடலாமே?"

"எனக்கு ஏற்கெனவே உள்ளது போரும்டா."

ஆக நான் ஒருத்தன்தான். கொக்கி போட்டு இழுத்து ஒரு நாளைக்கு ரெண்டு கைவண்டி ஏற்றினேன். மறுநாள் காலையில் அதே அளவு கிடந்தது.

வார்டு கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். வாசலில் சாமிமாரை வரவேற்று அவர் படத்தோடு பேனர் கட்டியிருந்தது. பொறுமையாகத்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, நீ பறயுறது சரி. பக்ஷே தேர்தல் வருது. குளத்துல துணி விடாதேன்னு நான் ஒரு வாக்கு சொன்னா, பக்தர்களைத் தடுத்தான்னு மற்றவன் மைக்கு கட்டிப் பேசுவான்."

எதிர்க்கட்சிக்காரரான அந்த மற்றவரையும் பார்த்தேன். அவர் குளத்தங்கரையில் இலவசச் சுக்குக்காப்பிப் பந்தல் போட்டிருந்தார். ஒரு கிளாஸ் காப்பி கொடுத்து, கவுன்சிலர் பெயரைச் சொல்லி அதே வாக்கியத்தைச் சொன்னார். காப்பி நன்றாக இருந்தது.

4. நான் செய்த தப்பு

நனைந்த வேட்டி கல் மாதிரி கனக்கும். காயவைத்து ஏற்றினால் வண்டியில் மூணு பங்கு கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. பௌர்ணமிக்கு முதல் நாள், குளத்துக் கம்பிவேலி நெடுக வேட்டியைக் காயப்போட்டேன். அடுத்த நாள் வருஷத்தின் பெரிய ஏற்றம். பகல் பதினோரு மணிக்கு உச்சம். அதற்குள் வேலியில் இருப்பதை ஏற்றிவிட்டு மடையைச் சுத்தமாக்கிவிடலாம் என்பது என் கணக்கு.

மறுநாள் எட்டு மணிக்கு மலையிலிருந்து ஒரு பஸ் வந்தது. விருதுநகர்ப் பக்கத்துச் சாமிகள், நாற்பது பேர் இருப்பார்கள். இறங்கினவர்கள் வேலியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் ஊரின் முதல் பஸ் முந்தாநாள்தான் வந்து குளித்துப் போயிருந்தது.

"இது நம்ம மாரிச்சாமி வேட்டி. பார்டரைப் பாரு."

"எவன்யா இதை வெளிய எடுத்தது? விட்டதைத் திரும்ப எடுத்துத் தொங்கவிட்டா, விட்ட பாவம் அவன்கிட்டயே திரும்பாதா?"

நான்தான் என்றேன். ஒரு கை என் சட்டையைப் பிடித்தது. காப்பிப் பந்தலிலிருந்து மற்றவர் ஓடி வந்து, பக்தர்களை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று சத்தம் போட்டார். கவுன்சிலரும் வந்து, அவரைவிடப் பெரிய சத்தமாக அதையே சொன்னார். போலீஸ் ஜீப் வந்து, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஓரமாக நின்றது. வர்கீஸ் சேட்டன் என் காதருகே, "நாளை முதல் நீ வரண்டா" என்றார்.

மணி ஒன்பதரை. வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை, எத்தனையோ போயிருக்கிறது. காயல் ஏறிக்கொண்டிருந்தது. மடையை யாருமே பார்க்கவில்லை.

5. போர்செட் மெக்கானிக்

அந்தப் பஸ்ஸின் குருசாமிக்கு நாற்பது வயது இருக்கும். ஊரில் போர்செட் மெக்கானிக் என்று பிறகு சொன்னார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சட்டையிலிருந்த கையை எடுத்துவிட்டார்.

"எதுக்குய்யா காயப்போட்ட?"

"ஈரத்தோட தூக்க முடியலை சாமி."

"எதுக்குத் தூக்குற?"

சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. "வந்து பாருங்க" என்று மடைக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியில் எங்கள் சந்துக் குழாய், அதன் முன் குடத்தோடு நிற்கும் பெண்கள். மடையில் பலகை சாய்ந்து நின்றது. அடியில் கறுப்பாகத் துணி துருத்திக்கொண்டிருக்க, அந்த இடைவெளியில் காயல் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். மெக்கானிக் ஆனதால் ரெண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாஷர்ல தூசி மாதிரி. உட்காரலை."

"ஆமா சாமி. இந்தத் தண்ணி நாம பார்த்த குழாய்க்குப் போகும். என் வீட்டுக்காரி ஏழு மாசம். அரைச் செம்பு ஏற்கெனவே குடிச்சிட்டா."

துருத்திய துணியை இழுத்துப் பார்த்தார். பிறகு, "வேட்டியை விடணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. முன்னால போனவன் விட்டான், நானும் விட்டேன், என்னைப் பார்த்து இவனுக விட்டானுக" என்றார். எழுந்து குளத்தைப் பார்த்து, "சாமியே" என்று ஒரு குரல் கொடுத்தார்.

நாற்பது பேரும் வந்தார்கள். அவர் முதலில் கானவுக்குள் இறங்கினார். கழுத்தில் மாலையோடு, இடுப்பளவு அழுக்கில். அதற்கப்புறம் யாரும் பாவம் பற்றிப் பேசவில்லை. ஒருத்தன் மட்டும், "குருசாமி, இதுவும் நேர்ச்சைக் கணக்குல வருமா?" என்றான். "வாயை மூடிட்டு இழுறா" என்றார் அவர். வர்கீஸ் சேட்டன் கொஞ்சநேரம் கரையில் நின்று பார்த்துவிட்டு முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

பத்தரை தாண்டி, கடைசிச் சுருள் வெளியே வந்தது. பலகை சரிந்து இறங்கி அடியில் உட்கார்ந்தது. உள்ளே வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. பதினோரு மணிக்குக் காயல் பலகையின் மேல்விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்து நின்று, பிறகு இறங்க ஆரம்பித்தது. கான நிரம்பவில்லை. நான் கரையில் உட்கார்ந்து ஒரு பீடி முழுவதையும் அணையாமல் பிடித்தேன்.

6. பீப்பாய்கள்

தார் வந்த காலிப் பீப்பாய் ரெண்டை குருசாமி கேட்டு வாங்கிக் குளத்துப் படியில் வைத்தார். ஒன்றின் முன்னால் சூடம் கொளுத்தி, தன் பழைய வேட்டியை முதலில் உள்ளே போட்டார். அவர் ஊர்க்காரர்கள் வரிசையாகப் போட்டார்கள். அடுத்து வந்த பஸ்காரர்கள் பார்த்து அதையே செய்தார்கள். மாதம் முடிவதற்குள் ஆந்திரா பஸ்ஸில் வந்தவர்களும் பீப்பாய் முன் சூடம் கொளுத்தினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கவுன்சிலர் மேலும் மூணு பீப்பாய் வாங்கித் தன் கட்சி நிறம் அடித்தார். மற்றவர் இன்னும் மூணு வாங்கி அவர் நிறம் அடித்தார். ஆறு பீப்பாய் கூடுதலாகக் கிடைத்தது எனக்கு லாபம். சேட்டன் என்னை வரண்டா என்றதை மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எண்ணெய், சோப்பு, இலை, தேங்காய் மூடி எல்லாம் அப்புறமும் குளத்தில்தான் விழுந்தன. தையில் மீன்கள் செத்து மிதந்தன. அந்தக் குளத்துக்கு அவ்வளவு பேரைத் தாங்கத் தெம்பில்லை.

வீட்டில் நான் வேறு வேலை பார்த்தேன். தினம் காலையில் ராசாத்தியை வாசல் வெளிச்சத்துக்கு வரச் சொல்லிக் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். மஞ்சள் தெரிய நாளாகும், ஒன்றரை மாதம் பார்க்கச் சொல்லியிருந்தார் நர்ஸ். பீவாத்து இத்தாவும் ஒருமுறை அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"வெளுப்புத்தான் அண்ணாச்சி. இனி அவளை விடு, பெண்ணு வெயில்ல நின்னு கறுத்துப் போச்சு."

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மத்தியானம்வரை தூங்கினேன். குழாயில் நூல் வந்த நாளுக்கு அப்புறம் நான் அப்படித் தூங்கியது அன்றுதான்.

பிறகு பல ஊரில், பல திருவிழாவில் துப்புரவு வேலை செய்திருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூட்டம் வருவதற்கு முன்னால் தண்ணீர் எந்த நேரம் ஏறும், எந்த வழியாகப் போகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போர்டு எழுதி மாட்டுவதிலும் கட்சிக்காரர் வாசலில் நிற்பதிலும் நாட்களை வீணாக்காதீர்கள். கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறவர் யார் என்று பார்த்து, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அடைப்பைக் காட்டுங்கள். கார்த்திகையில் முதல் பஸ் வந்த அன்றே நான் அதைச் செய்திருந்தால், ஒன்றரை மாதம் ஒரு பெண்ணின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டாம்.