ரூல்ஃப் முன்னால் போன நாள்

என் நாத்தனார் ஆல்ட்யேவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் ரொட்டிக்கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு எம்மனுக்குப் போனாள். நடுவிலவன் கப்பலுக்குப் போனான். கடைக்குட்டி ரூல்ஃப் எங்கள் க்ரோனிங்கனிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கதவு திறப்பது, குழாய் பார்ப்பது, பிள்ளைகளின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது, எல்லாம் அவன்தான்.

பள்ளிக்கூடம் எந்த ஊருக்குச் சுற்றுலா போனாலும் அங்கே வாடகைச் சைக்கிள் எடுத்துத்தான் சுற்றுவார்கள். டீச்சர் முன்னால், ரூல்ஃப் கடைசியில். விழுந்தவனைத் தூக்க வேண்டும், கழன்ற செயினை மாட்ட வேண்டும். முப்பது வருஷம் இப்படியே போயிற்று.

"நான் பாத்த ஊரெல்லாம் ஒண்ணுதான் அத்தை. பூரா முதுகு" என்பான் என்னிடம்.

இந்த வருஷம் உத்ரெக்ட் என்று முடிவானது. அது அவன் பிறந்த ஊர். ஆல்ட்யேவின் புருஷன் எவர்ட் அங்கே கால்வாய் மதகில் வேலை பார்த்தவர். படகை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றி இறக்கி அனுப்புகிற வேலை. ரூல்ஃபுக்கு ஒன்பது வயதில் அவர் இறந்துபோனார். ஆல்ட்யே பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அவனும் போனதில்லை.

மிர்யாம் டீச்சரிடம் போய்க் கேட்டான். "இந்த ஒரு தடவை நான் முன்னால போறேன். எங்கப்பா வேலை பாத்த இடத்தப் பிள்ளைங்களுக்கு நானே காட்டணும்."

"சரி ரூல்ஃப். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் உங்களுது. ஆனா நாலு மணி ரயில விட்டோம்னா அப்பா அம்மாங்க என்னத்தான் கடிச்சுத் துப்புவாங்க."

அன்றைக்குச் சதுக்கத்தில் உட்கார்ந்து சீஸ் வைத்த ரொட்டியைத் தின்று முடித்தார்கள். ரூல்ஃப் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சைக்கிள் நிறுத்தத்துக்குப் போனான். அவன் சைக்கிளைக் காணோம் என்றால்கூடப் பரவாயில்லை. அது இருந்தது. யாரோ ஒரு புண்ணியவதி, முன்னால் குழந்தை இருக்கை வைத்த தன் கறுப்புச் சைக்கிளைப் பூட்டுகிற அவசரத்தில், சங்கிலியை இவன் சைக்கிளின் சட்டத்துக்குள்ளும் விட்டு இழுத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள். எங்கள் ஊர்களில் சைக்கிள்கள் அப்படி நெருக்கியடித்து நிற்கும். கைக்கு அகப்பட்ட இரும்பில் சங்கிலியை மாட்டிவிடுவோம். நானே செய்திருக்கிறேன்.

"யாருதும்மா இது? யாருது?" என்று கத்தினான். ஒருத்தரும் திரும்பவில்லை.

"சார், உங்க சைக்கிளுக்குக் கல்யாணம் ஆயிருச்சு" என்றான் ஒருத்தன்.

"குழந்தைகூட இருக்கு பாரு" என்றான் இன்னொருத்தன்.

இருபத்து நான்கு பிள்ளைகளும் சிரித்தார்கள். ரூல்ஃப் சங்கிலியை ஆட்டினான், உதைத்தான், கடைகடையாக ஏறிக் கேட்டுவிட்டு வந்தான். இருபது நிமிஷம் போயிற்று.

"நீங்க இங்கயே இருங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் டீச்சர்.

"வழி தெரியுமா உங்களுக்கு?"

"போன்ல இருக்கு."

அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. தன் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, நீன்கே என்கிற மாணவியின் சைக்கிள் கேரியரில் போய் உட்கார்ந்துகொண்டான். தொண்ணூறு கிலோ ஆள்.

"சார், காலத் தூக்குங்க. தரையில இழுக்குது!"

"நீ மிதி. முன்னால போ, யாரும் உன்னத் தாண்டக் கூடாது."

முன்னால்தான் போனார்கள். ஆனால் அவன் கண்ணுக்கு எதிரே அவளுடைய பச்சைப் பை மட்டும்தான். எட்டிப் பார்த்தால் சைக்கிள் ஆடுகிறது.

"இடது பக்கம்!"

"இப்பவா சார்?"

"போச்சு, தாண்டிட்ட!"

திரும்பி வந்து, படகுக்காகத் தூக்கிய பாலம் இறங்கக் காத்து நின்று, ஒருவழியாக மதகுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயிலுக்குக் கிளம்பப் பத்து நிமிஷம்தான் பாக்கி. அங்கே நீலச் சட்டை போட்ட ஓர் அம்மாள், வருகிறவர்களுக்கெல்லாம் மதகைப் பற்றிச் சொல்கிறவள், பிள்ளைகளைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டாள். ரூல்ஃப் வாயைத் திறந்தான்.

"பெரியவரே, கொஞ்சம் பின்னால நில்லுங்க. பிள்ளைங்களுக்கு மறைக்குது."

பின்னால் நின்றான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். "குளிர்காலத்துல இங்க வேலையே இருக்காது, மதகுக்காரங்க வீட்ல உக்காந்திருப்பாங்க" என்றாள்.

"பொய்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"குளிர்காலத்துலதான் எங்கப்பாவுக்கு வேலையே. விடியுறதுக்கு முந்தி அந்தப் பலகை மேல நின்னு பனிக்கட்டிய உடைப்பாரு. கை வெடிச்சு ரத்தம் வரும். அம்மா பன்றிக் கொழுப்பு தடவிவிடுவா..." என்று தொடங்கினான். பிள்ளைகள் அவன் பக்கம் நகர்ந்தார்கள். அந்த அம்மாளும் வாயை மூடிக்கொண்டாள்.

"ரூல்ஃப், நேரமாச்சு" என்றாள் டீச்சர். அவன் நிறுத்தவில்லை. "ரூல்ஃப்!" கையைப் பிடித்து இழுத்தாள். எந்தக் கதவு முதலில் திறக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தான்.

நாலு மணி ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் டீச்சர் போனில் ஒவ்வொரு வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசி வீட்டுக்குப் பேசி முடித்ததும், அடுத்த வருஷம் நீங்கள் வரவே வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் என் வீட்டில் உட்கார்ந்து காப்பியை ஆறவிட்டுக்கொண்டிருந்தான். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன்.

"அதுக்கில்ல அத்தை. பனிக்கட்டி வரைக்கும்தான் சொன்னேன். அது உடைஞ்சு அப்பா தண்ணிக்குள்ள விழுந்தத இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."