சரக்கு இல்லாத ட்ரீட்

குடியிலிருந்து மீட்கும் ஆலோசகர் என்று கல்யாணப் பந்தியில் சொல்லிப் பாருங்கள், பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்துவிடுவார். மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன மையத்தில் எனக்கு அந்த வேலைதான். பேசிப் பேசியே பிழைக்கும் சக ஜீவன்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

சாம்பாரில் மாத்திரை

குமரேசன் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. மனைவி ராணி அவரை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தார். "இந்தத் தபாவும் வுடலன்னா புள்ளய கூட்டிகினு சேத்தியாத்தோப்புல எங்க அம்மா ஊட்டுக்கே போயிடுவேங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகும் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுத்துவிடலாமா என்று கேட்டார். இதைக் கேட்காத மனைவியை நான் இன்னும் பார்க்கவில்லை. கூடவே கூடாது, அது தெரியாமல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் பார்த்து, அவரும் சம்மதித்த பிறகுதான் தர வேண்டும் என்றேன். எப்போது வந்தாரோ, கதவருகே நின்ற குமரேசன் சொன்னார்:

"அவ சாம்பாருல என்னா கலந்தாலும் எனக்குத் தெரியாதுங்க. அதுல உப்பு இருக்கறதே தெரியாது."

ஒரே நாளில் வீரம்

நெடுநாள் குடித்த உடம்பு, டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். மனிதர் ரோஷப்பட்டு அன்றே ஒரேயடியாக நிறுத்தினார். கை நடுக்கம், வேர்வை, சுவரெல்லாம் பூச்சி ஓடுகிறது என்ற உளறல். ராணி போன் செய்ய, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தெளிந்ததும் என்னிடம் நியாயம் கேட்டார்:

"குடிச்சா ஒடம்பு கெடும்னீங்க. நிறுத்தினாலும் கெடுது. அப்ப நான் இன்னாதான் பண்றது மேடம்?"

சறுக்கல்

சில மாதம் நன்றாகப் போனது. பிறகு சீனியர் ஒருவரின் ரிட்டயர்மென்ட் பார்ட்டியில் குடித்துவிட்டார். வெட்கத்தில் எங்கள் பக்கமே வரவில்லை. ராணி துணிமணியைப் பையில் அடைத்துவிட்டார் என்று தெரிந்து வீட்டுக்கே ஓடினேன். இது கெட்ட புத்தி இல்லை, நோய், சிலருக்குத் திரும்பி வரும். சர்க்கரைக்காரர் ஒருநாள் ஜாங்கிரி சாப்பிட்டால் மாத்திரையைத் தூக்கி எறிவதில்லையே என்று இருவருக்கும் சேர்த்தே சொன்னேன். மறுநாளே வருவதாகக் குமரேசன் தலைகுனிந்து சொன்னார். ராணி பையை மூலையில் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"சரிங்க, போவல. ஆனா பைய பிரிக்க மாட்டேன்."

பர்மனென்ட்

சொன்னபடியே மையத்துக்கு வந்து, மறுபடி குடிக்காமல் இருந்த குமரேசனுக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. பர்மனென்ட் ஆனவர் கூட வேலை செய்பவர்களுக்குச் சரக்கு வாங்கித் தர வேண்டும் என்பது எழுதாத சட்டம். தராதவனை ரிட்டயர் ஆகும்வரை கஞ்சன் என்பார்கள். ஆர்டர் வந்த அன்றே ராணி எனக்குப் போன் செய்துவிட்டார்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்த கையோடு எல்லாரையும் வீட்டு மாடிக்குக் கூப்பிட்டார் குமரேசன், என்னையும் சேர்த்து. பிரியாணி, பண்ருட்டிப் பலாச்சுளை, அவ்வளவுதான். "நான் நிறுத்திட்டேன். ஒரு வாய் தொட்டாலும் மறுபடி மாட்டிக்குவேன். வயிறார சாப்புடுங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நண்பர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் பிரியாணியை விடவில்லை. அவர்களில் எல்லாரையும்விட அதிகம் சலித்துக்கொண்ட செல்வம் என்பவர், கிளம்பும்போது மாடிப்படியில் என்னை ஓரங்கட்டினார்:

"மேடம், நான் அடுத்த வாரம் செகண்ட் ஷிப்ட், மத்தியானந்தான் வேல. உங்க எடத்த காலைல எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிக் கூப்பிட்டும் வராத ஆள், ஒரு தட்டு பிரியாணியில் வந்து சேர்ந்ததை எங்கள் ஆண்டு அறிக்கையில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.