மண்டி மாடியில் மரண அறிவித்தல்

போன வாரம் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மருந்துக் கடைச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பசை காயாமல் ஓரம் மடங்கித் தொங்கியது. யாரோ ஒரு பெரியவர், நெற்றி நிறைய விபூதி. எல்லோரும் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கீழே பொடி எழுத்தில் இருக்கும் மகன், மகள், மருமகள், பேரன் பெயர்களில்தான் என் கண் போய் நிற்கும். ஒவ்வொரு பெயராக வாய் முணுமுணுக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தெரிஞ்சவங்களா சார்? சாயங்காலம்தான் எடுக்கறாங்களாம். போறதுன்னா போயிட்டு வாங்க."

"இல்லைங்க, சும்மா பாத்தேன்."

வீட்டுக்கு வந்து சொன்னால் மனைவி சிரிக்கிறாள். "ஊர்ல எவரு செத்தாலும் உங்களுக்கு மருமக பேரு என்னன்னு தெரியணும்." அவள் சொல்வது சரிதான். பழக்கதோஷம். இந்தத் தோஷம் எனக்கு ஒரு வெங்காய மண்டியின் மாடியில் பிடித்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டிருந்த வருடங்கள் அவை. அந்த நாட்டு வானொலியில் என்னென்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி மேலே அனுப்ப ஓர் அலுவலகம் வேண்டும் என்று யாரோ முடிவு செய்தார்கள். அதைக் கடற்கரையில் வைக்காமல் பெரம்பலூரில் ஏன் வைத்தார்கள் என்பதை எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கடலைப் பார்க்காத ஊர். ஒருவேளை அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. அதற்குப் பொறுப்பாளனாக என்னைப் போட்டார்கள். மீசை சரியாக முளைத்திருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இருந்ததாக நினைவில்லை.

பெயர்ப் பலகை கிடையாது. கீழே சின்ன வெங்காய மண்டி, மேலே நாங்கள். பெரம்பலூர் வெங்காயத்தின் காரம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, மாடிப்படி ஏறும்போதே கண்ணில் நீர் கட்டிவிடும். நாங்கள் அனுப்பும் அறிக்கைகளிலும் அந்த வாடை ஏறியிருக்கும். தலைமை அலுவலகத்தில் ஓர் அதிகாரி எங்கள் உறையைப் பிரித்ததும், "பெரம்பலூர் தபால் வந்திருச்சு, சாம்பார் கொதிக்குது" என்பாராம். அந்தக் காரத்தோடு, சூடேறிய ரேடியோப் பெட்டிக்குள் தூசி கருகும் வாசனையும் இருக்கும். காதில் மாட்டும் கருவியின் பஞ்சில் கலியமூர்த்தியின் தலையெண்ணெய் வாசனை. இந்த மூன்றும் கலந்ததுதான் எனக்கு அரசாங்க உத்தியோகத்தின் வாசனை.

கலியமூர்த்தி செந்துறைக்காரன். தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு எழுதுவது அவன் வேலை. சிங்கள ஒலிபரப்புக்குப் பாக்கியம் அக்கா. அந்த நாட்டு மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே சிங்களப் பள்ளியில் படித்து, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி கப்பலேற்றி இங்கே அனுப்பப்பட்டவர். "எங்க ஊருன்னு சொல்லி என்னைய இங்க கொண்டாந்து விட்டாங்க சார். இங்க இருக்கறவங்க என்னைய எந்த ஊரும்மான்னு கேக்கறாங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்பவருக்குத்தான் சிரிப்பு வராது.

எங்கள் வேலையை வெளியே சொல்லக் கூடாது. அதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. திருமழபாடியில் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா, "மாப்ள, ஆபீஸ்ல என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பொய் வாயில் வரவில்லை. "ரேடியோ கேக்கறதுங்க" என்றேன். அவர் என் அப்பாவைப் பார்த்தார். பிறகு, "அதைத்தான் நானும் எங்க வூட்ல காலையிலேருந்து கேக்கறேன். எனக்கு ஒருத்தனும் சம்பளம் தரலையே" என்றார். உள்ளே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காரிதான் இன்று என்னைக் கேலி செய்துகொண்டிருப்பவள்.

மதியச் செய்தி முடிந்ததும் அந்த வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகக் கொண்ட இன்னார் காலமானார்; அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும், இன்னின்னாரின் பாசமிகு தாயாரும், இன்னின்னாரின் அன்பு மாமியாரும் ஆவார் என்று உறவுகள் ஒவ்வொன்றாக வரும். உறவுகளில் யாராவது முன்பே இறந்திருந்தால் அவர் பெயருக்கு முன்னால் மட்டும் 'காலஞ்சென்ற' என்று சேர்த்து வாசிப்பார்கள். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். அமைச்சர் பேச்சு, படை அறிக்கை, நேயர் கடிதம்கூட எங்களுக்கு வேண்டும். மரண அறிவித்தல் வேண்டாம் என்று மேலிருந்து உத்தரவு. அந்த நேரம்தான் எங்களுக்கு டீ. பதிவு நாடா தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நாடாவுக்கு எப்போதும் பஞ்சம் என்பதால், அடுத்த சுற்றில் அந்த இடத்தின் மேல்தான் முதலில் வேறு எதையாவது பதிவோம்.

பாக்கியம் அக்கா மட்டும் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் சொன்னார்: "செய்தியில அமைதியா இருக்குங்கறான் சார். ஆனா அறிவித்தலு முன்னயெல்லாம் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். இப்ப டம்ளர கழுவி வச்சு வந்தாலும் வாசிச்சிக்கிட்டே இருக்கான்."

நான் இதை ஓர் அறிக்கையில் எழுதினேன். செய்தியில் கவனம் செலுத்துமாறு பதில் வந்தது.

கீழே மண்டியில் வெங்காயத்தின் தாளையும் வேரையும் அரிந்து தரம் பிரிக்கும் வேலைக்கு, ஊருக்கு வெளியே இருந்த அகதி முகாமிலிருந்து சில பெண்கள் வருவார்கள். படகில் வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் செல்வராணி. ஒருநாள் நான் மாடியேறும்போது அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து படிக்குக் கீழே நின்றார்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. மத்தியானத்திலை மேல றேடியோ சாடையாக் கேக்குது. மரண அறிவித்தல் நேரம் மட்டும் கொஞ்சம் சத்தமா வைக்கேலுமோ? முகாமிலை றேடியோ இல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே ஓர் ஆபீஸ் இருப்பதே யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் முடியாதும்மா" என்று அதிகாரியாய் முறைத்துவிட்டு மேலே போனேன். அங்கே பாக்கியம் அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அன்று எனக்கு டீ ஊற்றித் தரவில்லை. மறுநாள் கலியமூர்த்தி ஒரு வழி கண்டுபிடித்தான். "சார், ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு தினமும் சோதிச்சுப் பாக்கணும்ல? செய்தி நேரத்துல சோதிச்சா எழுதறது கெட்டுப்போவும். டீ நேரத்துல சோதிச்சா என்ன?" அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் தினசரி ஒலிபெருக்கிச் சோதனை நடந்தது. சன்னலைத் திறந்து வைத்துத்தான் சோதித்தோம்.

செல்வராணியின் கதை பிறகுதான் தெரிந்தது. படகில் அவரை ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் கணவர் யோகராசா தாயைக் கூட்டிவரத் திரும்பிப் போயிருக்கிறார். அடுத்த படகில் வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை. கடிதமும் இல்லை. அதனால் அறிவித்தலைக் கேட்பதுதான் வழி. பெயர் வரவில்லை என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார். அவ்வளவுதான் அவர் கணக்கு.

சண்டை நடக்கும் ஊரிலிருந்து அறிவித்தல் கொடுக்க யாராவது கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தபால் இல்லாத ஊரில் செத்தவர்களுக்கு அறிவித்தலும் இல்லை. இது பாக்கியம் அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? வாசித்து முடித்ததும் கீழே ஒரு கணம் வெங்காயம் அரியும் சத்தம் நின்றிருக்கும். பிறகு செல்வராணி சன்னலைப் பார்த்து, "இண்டைக்கும் இல்லை அக்கா!" என்பார். பரீட்சையில் பாஸான பிள்ளை போல முகம் இருக்கும். நெற்றிப் பொட்டு வேர்வையில் கலைந்திருக்கும். புறங்கையால் அதைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்வார். எனக்கும் அன்றைய டீ இறங்கும்.

பிறகு அந்த நாள் வந்தது. வழக்கம்போலச் சன்னல் திறந்திருந்தது. அவருடைய ஊர்ப் பெயர் வந்ததும் கீழே சத்தம் நின்றது. இறந்தவர் ஒரு மூதாட்டி, கொழும்பில் மகள் வீட்டில். செல்வராணி, "ஐயோ மாமி!" என்றது கேட்டது. அது அவருடைய மாமியார். குரல் நிதானமாகத் தொடர்ந்தது. பாசமிகு தாயார் என்ற இடத்தில் மகள் பெயர் வந்தது. அடுத்த பெயர், காலஞ்சென்ற யோகராசா. பிறகு மருமகன் பெயர். அதற்குப் பிறகு, 'செல்வராணி, இந்தியா'. அடுத்த அறிவித்தலுக்குப் போய்விட்டார்கள்.

கலியமூர்த்தி ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தான். குறைத்து என்ன பயன்? கீழே யாரும் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சற்று நேரத்தில் மறுபடியும் அரியும் சத்தம் கேட்டது, ஒரே ஒரு அரிவாள்மணையின் சத்தம். பிறகு அதுவும் நின்று, படியில் காலடி கேட்டது. அந்நியர் யாரும் ஏறக் கூடாத படி. நான் எழுந்து நின்றேன்.

"சேர், அதை ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ."

போட்டோம். மறுபடி கேட்டார், மறுபடி போட்டோம். அவர் யாரையும் பார்க்கவில்லை, சுற்றும் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எண்டைக்கெண்டு சொல்லேல்லை" என்றார். "மாமின்ரை நாளைச் சொல்லினம். இவர் எண்டைக்கு எண்டு சொல்லேல்லையே. நான் எந்த நாளிலை சேர் இவருக்குப் படைக்கிறது? அவருக்கெண்டும் ஒண்டு வாசிச்சிருப்பினம்தானே. நான் வேலைக்கு வராத நாளிலை வந்திருக்கும். நீங்கள் எல்லாத்தையும் பிடிச்சு வைக்கிறனீங்கள். பழசிலை பாருங்கோ சேர்."

அதில் என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இருந்தும் பார்த்தோம். இருந்த நாடாக்களை எல்லாம் போட்டு, மூன்று பேரும் ஆளுக்கொன்றாகக் காதில் மாட்டிக்கொண்டு அன்று சாயங்காலமும் மறுநாள் காலையிலும் கேட்டோம். மரண அறிவித்தல் இருந்த இடங்களில் எல்லாம் அமைச்சர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நெல் கொள்முதலைப் பற்றி ஒருவர், ஒற்றுமையைப் பற்றி ஒருவர். அன்று சாயங்காலம் எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. கீழே அரிந்து முடித்துவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள், வெங்காயத்தின் மேல் பழி போடவும் முடியவில்லை.

அந்த மறுநாளே டீ நேரத்தில் நாங்கள் கீழே இறங்கிப் போய்ச் சொன்னோம். செல்வராணி தலை நிமிராமல் அரிந்துகொண்டே கேட்டார். பொட்டு இல்லாத நெற்றியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாக்கியம் அக்கா அவர் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு ஒன்னு வாசிக்கணும்னு கேட்டியே. நம்மளே வாசிப்போம் தாயி. ரேடியோவுல வந்தாத்தான் அறிவித்தலா?"

செல்வராணி நிமிர்ந்து கலியமூர்த்தியைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். கேட்டதில் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எழுதுவதுதான் எங்கள் உத்தியோகம். ஒலிபரப்புவது எங்கள் வேலையே அல்ல. நான், "வாசி" என்றேன்.

வெங்காயத் தாள் குவிந்து கிடந்த தரையில் அவன் எழுந்து நின்றான். பெண்கள் எல்லோரும் அரிவாள்மணையை மடக்கி வைத்தார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கு அந்தக் குரலே வந்திருந்தது, செந்துறை வாடை துளியும் இல்லை. பிறப்பிடத்தைச் சொன்னான். செல்வராணியின் பாசமிகு கணவரும் என்று சொன்னான். யோகராசா அவர்கள், என்று தொடங்கியவன் அங்கே நின்றுவிட்டான். அந்த இடத்தில் நாள் வர வேண்டும். மண்டிக்காரர்கூடத் தராசை விட்டு வெளியே வந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

செல்வராணி சொன்னார்: "நேற்று எண்டு வாசியுங்கோ தம்பி. நேற்றுவரைக்கும் அவர் என்னோடை இருந்தவர்."

கலியமூர்த்தி அப்படியே வாசித்தான். வாசித்து முடித்த பிறகுதான் செல்வராணி அழுதார்.

அந்த ஆபீஸ் நெடுநாள் நடக்கவில்லை. ஒரு உத்தரவில் வந்தது, இன்னொரு உத்தரவில் போயிற்று. பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். நாடாக்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது. மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கலியமூர்த்தி வேறு துறைக்குப் போய், ஓய்வுபெறும் முன்பே இறந்துபோனான். பாக்கியம் அக்கா உடன்பிறந்தவர்களைத் தேடி நீலகிரிக்குப் போனவர், பொங்கலுக்குப் பொங்கல் கார்டு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொங்கலுக்கு வரவில்லை.

செல்வராணி, ஊருக்குத் திரும்பியவர்களோடு போய்விட்டார் என்று முகாமில் சொன்னார்கள். இல்லை, வேறு முகாமுக்கு மாற்றினார்கள் என்று ஒருவர் சொன்னார். எங்கே இருந்தாலும் வருடா வருடம் அந்த 'நேற்று' அன்று அவர் இலை போட்டுப் படைத்திருப்பார். அந்த நாள் எனக்கும் தெரியும். அன்றைக்கு நானும் சாப்பிடுமுன் காக்கைக்கு ஒரு பிடி வைக்கிறேன். மனைவி யாருக்கு என்று கேட்பதில்லை. அந்த வானொலியின் அந்த ஒலிபரப்பு நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. பெயர் வரவில்லை, அதனால் உயிரோடு இருக்கிறார் என்று செல்வராணியைப் பற்றி நான் சொல்லிக்கொள்ள, கேட்பதற்கு இப்போது எதுவுமே இல்லை.