வாசலில் ஊற்றிய தண்ணீர்

தாராவியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு செம்பூரில். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போனதால், மே மாத லீவு முழுக்க என்னைத் தாராவியில் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் விட்டுவிடுவார்கள். தாத்தாவும் ஆச்சியும் இட்லி அவித்து விற்றார்கள். விடியுமுன் அவித்துச் சைக்கிள்காரர்களிடம் கொடுத்தால் அது தாதர், மாட்டுங்கா என்று போகும். ஆபீஸ் போகிறவர்கள் நின்றபடியே தின்பார்கள். தின்று யாரும் செத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அந்த வருஷம் ஒரு கைடு வர ஆரம்பித்தான். வெளிநாட்டுக்காரர்களைச் சந்து சந்தாகக் கூட்டிவந்து எங்களைக் காட்டுவது அவன் பிழைப்பு. உங்கள் கைப்பக்குவத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தாத்தாவிடம் இந்தியில் சொல்வான். தாத்தா நம்பினார். அவர்கள் வரும் நாளில் மதியமே குளித்து, கல்யாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார். அவர்களுக்கென்றே ஒரு ஈடு அவிப்பார். காசு வாங்கமாட்டார். வீட்டுக்கு வந்தவர்களிடம் காசா?

அன்று ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தாத்தா ஆளுக்கு ஒரு பேப்பர் தட்டில் இட்லி வைத்து இரண்டு கையாலும் கொடுத்தார். கைடு சிரித்த முகத்தோடு அவர்களிடம் இங்கிலீஷில் சொன்னான். வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பிடாதீர்கள், இங்கே தண்ணீர் மோசம், வெளியே போய்ப் போட்டுவிடலாம். தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவரும் சேர்ந்து தலையாட்டிச் சிரித்தார். நான் இங்கிலீஷ் மீடியம். எனக்குப் புரிந்தது.

"தாத்தா, திங்கக்கூடாதுன்னு சொல்லுதான். குப்பையில போடச் சொல்லுதான்."

"வீட்டுக்கு வந்தவங்கள அப்படிப் பேசாதட்டி."

நான் விடவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரியிடமே இங்கிலீஷில் கேட்டேன், தின்னமாட்டாய் என்றால் எதற்கு வாங்கினாய் என்று. தாத்தா என் கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. அவள் செல்போனைத் தூக்கி, அழுகிற என்னைப் படம் பிடித்தாள்.

அடுப்படியில் இருந்த ஆச்சி எழுந்து வந்தாள்.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

தலையாட்டினேன்.

வந்தவர்கள் கிளம்பியதும் எங்கள் ஆட்கள் வீட்டைப் பெருக்கக்கூட மாட்டார்கள். சாவு எடுத்த பிறகுதான் வாசலைக் கழுவுவது. அவர்கள் படியிறங்கிய உடனே, அரிசி ஊறப்போட வைத்திருந்த குடத்தை ஆச்சி அப்படியே வாசலில் கவிழ்த்தாள். காலையில் மட்டும் வருகிற தண்ணீர் அது. விளக்குமாற்றை எடுத்துத் தேய்த்துத் தள்ளினாள். எதிர்வீட்டு அக்கா ஈரத்துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

கைடு திரும்பிப் பார்த்தான். இவர்கள் எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்றான். அதையும் படம் பிடித்தார்கள்.

தாத்தா சந்து முனை வரை போனார். நானும் பின்னால் போனேன். சாக்கடை மூடியின் மேல் தட்டுகள் கிடந்தன. ஒரு இட்லிகூடக் கடிபடவில்லை. அந்த வெள்ளைச் சட்டையோடு குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினார். என்னை அடித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் கைடு வேறொரு கூட்டத்தோடு வந்தான். தாத்தா பனியனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"இவங்க வீடு எங்க இருக்குன்னு கேளுட்டி. ஒருநாள் நாம எல்லாரும் இவங்க அடுப்படியப் பாக்க வாறோம்னு சொல்லு."

இங்கிலீஷில் சொன்னேன். வேடிக்கை என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். தாத்தா சிரிக்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றது. வீடு எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. கைடு அவர்களை அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

வாசலைக் கழுவலையா என்று ஆச்சியிடம் கேட்டேன்.

"இவனுகளுக்குத் தண்ணி ஒரு கேடா," என்றாள்.