சந்தனத்துக்கு அடியில் இருந்த பெயர்

பிள்ளைகளே, உங்கள் அக்காவின் கிளாரினெட்டைச் சுங்காய் ஊரில் வாங்கியபோது, அதைச் செய்தது யார், அதற்கு எத்தனை வயது என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஊதினால் சத்தம் வந்தது. எனக்கு அது போதும். விற்றவர் பழைய ரப்பர் தோட்டத்து ஆள். அவருடைய அப்பா கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் வாசித்ததாம். ஈப்போ வந்து சேரும்வரை அக்கா அதை மடியை விட்டு இறக்கவில்லை.

பள்ளிக்கூட பேண்டில் அது செல்லாது போலிருக்கிறது என்று மறுவாரமே தெரிந்தது.

"யாரு செஞ்சது, எப்ப செஞ்சதுன்னு சிகு கேக்குறாரு, பா," என்றாள். "பழசுல சிலது சுருதி கூடுதலா இருக்குமாம். அப்படி இருந்தா இத வச்சிக்கிட்டு பேண்டுல உக்கார முடியாதாம் லா."

அன்று தொழிற்சாலை பஸ்ஸை இரண்டு நடை ஓட்டிவிட்டு வந்திருந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. இருந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கருவியின் மேல்துண்டில் செய்தவர் முத்திரை இருக்க வேண்டும் என்று அந்தச் சிகு, அவளுடைய பேண்டு ஆசிரியர், சொல்லி அனுப்பியிருந்தார். அங்கே இருந்தது காய்ந்து கறுத்த ஒரு மேடு மட்டும்தான். அரக்கோ அழுக்கோ என்று நினைத்தேன். உங்கள் அம்மா வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"இது சந்தனங்க. சரஸ்வதி பூசைக்கு வச்ச பொட்டு. பழச தொடைக்காம வருசா வருசம் அதுமேலயே வச்சிருக்காங்க. வெள்ளக்காரன் பேருமேலயே வச்சிருக்காங்க பாருங்க!"

அவர்கள்மேல் குற்றம் இல்லை. கருவியை நிறுத்திப் பார்த்தால் அந்த இடம்தான் நெற்றி மாதிரி இருக்கிறது. நானும் அங்கேதான் வைத்திருப்பேன். பஸ்ஸுக்கும் வருடா வருடம் அப்படித்தான் வைக்கிறேன். இன்னொருவர் வீட்டுப் பூசைப் பொட்டைச் சுரண்டக் கை வரவில்லை. "நீங்க உடுங்க, பா," என்று அக்காவே தேங்காய் எண்ணெயில் பஞ்சைத் தோய்த்து ஊறவைத்தாள். பிறகு தீக்குச்சி முனையால் மெதுவாகக் கிளறினாள். முதலில் ஒரு கிரீடம் தெரிந்தது. அப்புறம் ஏதோ ஒரு துரையும் அவர் மகன்களும் என்று கம்பெனிப் பெயர், அதன் கீழே லண்டன். எல்லாவற்றுக்கும் அடியில், தனியாக, எச்.பி. என்று இரண்டு எழுத்து.

அக்கா படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பினாள். பதில் வந்ததும் போனை என்னிடம் நீட்டினாள். அந்த இரண்டு எழுத்துக்கு ஹை பிட்ச், அதாவது சுருதி கூடியது என்று அர்த்தமாம். அந்தக் காலத்துப் பட்டாள பேண்டுகளுக்காகச் செய்தார்களாம். அந்த வழக்கம் நின்றே நூறு வருடம் இருக்குமாம். துண்டுகள் சேரும் மூட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு வாசிக்கலாமா என்று கேட்கச் சொன்னேன். இழுத்தால் ஒரு சுரம் சரியாகும், மற்றது கெடும் என்று பதில் வந்தது.

விற்றவரைப் போனில் கூப்பிட்டேன்.

"சுருதியா? எங்கப்பாவோட சேந்து வாசிச்சது மேளம் மட்டுந்தான், அண்ணே. மேளத்துக்கு என்னா சுருதி வேண்டிக்கெடக்கு? வேணாம்னா கொண்டாங்க லா, எடுத்துக்கறேன்."

"திருப்பிக் குடுக்க வேணாம், பா," என்றாள் அக்கா. "ஸ்கூல் கிளாரினெட்ட நானும் இன்னொரு பிள்ளையும் மாத்தி மாத்தி வாசிக்கிறோம். இது வீட்டுல இருக்கட்டும்."

திரும்பவும் சுங்காய்வரை ஓட்ட வேண்டாம் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்த நிம்மதி இல்லை. இன்னொன்று தேட வேண்டும். எப்போது, எங்கே என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அதை எடுத்துத் தனியாக வாசித்தாள். பக்கத்தில் சேர்ந்து வாசிக்க யாரும் இல்லாததால் சுருதி கூடியிருப்பது தெரியவே இல்லை. "நல்லாருக்காப்பா?" என்று கேட்டாள். நல்லாருக்கும்மா, இன்னொரு தடவ வாசி என்றேன். அவள் வாசித்து முடிப்பதற்குள், பஸ் சாவி கையில் இருக்கும்போதே, நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.